1962 மாசசூசெட்ஸ் செனட் தேர்தல்: நாலு குடும்பமும் ஒரு ஸ்பானிஷ் பரீட்சையும்

சாவடிக்காரன்:
2020-ல் மாசசூசெட்ஸ் செனட் இடத்துக்குக் கட்சி வேட்பாளரைத் தேர்வு செய்யும் உட்கட்சித் தேர்தலில் ஜோ கென்னடி, ஏற்கெனவே செனட்டராக இருந்த எட் மார்க்கியிடம் தோற்றதைப் பற்றிய இழையில் ஒருவர், "இந்தக் குடும்பத்துக்கு அந்த மாநிலத்தை யார் பட்டா போட்டுக் கொடுத்தார்கள்?" என்று கேட்டிருந்தார். அங்கே பதில் எழுதினால் பேச்சு திசைமாறிவிடும். அதனால் இங்கே தனியாகத் தொடங்குகிறேன்.

பட்டா எழுதப்பட்ட வருடம் 1962 என்பேன். கதை இதுதான். 1960 நவம்பரில் ஜான் கென்னடி ஜனாதிபதியாகத் தேர்வாகிறார். அவர் வகித்த செனட் இடம் காலியாகிறது. குடும்பத்தின் கடைக்குட்டி டெட்டுக்கு (முழுப்பெயர் எட்வர்ட்) அப்போது வயது 28. செனட்டராக 30 நிறைந்திருக்க வேண்டும் என்பது அரசியலமைப்பு விதி. என்ன செய்வது? பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல, ஜான் கென்னடியின் ஹார்வர்டு அறைத்தோழர் பெஞ்சமின் ஸ்மித்தை அந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். க்ளாஸ்டர் ஊரின் மேயராக இருந்தவர். 1962-ல் இடைத்தேர்தல் வந்தபோது அவர் நிற்கவில்லை. பிப்ரவரி 22-ல் டெட்டுக்கு 30 நிறைகிறது. மார்ச் 14-ல் போட்டியிடுவதாக அறிவிக்கிறார். மூன்று வாரம்கூட ஆகவில்லை!

அதுவரை அவர் பார்த்த உத்தியோகம், சஃபோக் கவுண்டியில் உதவி அரசு வழக்கறிஞர் பதவி. வருடச் சம்பளம் ஒரு டாலர். அதற்கு முன்னால் அண்ணனுக்குப் பிரசார வேலை. அவ்வளவுதான் சுயவிவரம்.

அவர் ஜெயித்ததில் எனக்குப் பெரிய புகார் கிடையாது. ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள், ஜெயித்தார். உறுத்துவது அந்த இரண்டு வருடக் காத்திருப்புதான். வாக்காளர் சாவடிக்குப் போவதற்குள் பாதி முடிவு எடுத்தாகிவிட்டது.

ஊர்க்குருவி:
அண்ணே, எதிரில் நின்றவர் என்னமோ குப்பத்திலிருந்து வந்த ஏழைப் பிள்ளை மாதிரி எழுதுகிறீர்களே? ஜனநாயகக் கட்சிக்குள் டெட்டை எதிர்த்த எடி மெக்கார்மாக் யார்? நாடாளுமன்றக் கீழவையின் சபாநாயகர் ஜான் மெக்கார்மாக்கின் தம்பி மகன். பெரியப்பாவுக்குப் பிள்ளை கிடையாது, இவரைத்தான் பிள்ளையாகப் பார்த்தார். வாரிசை எதிர்த்து இன்னொரு வாரிசு. இதில் யாருக்காக அழுவது?

சாவடிக்காரன்:
சரியான கேள்வி. ஆனால் எடி 1958-லிருந்து மாநில அட்டர்னி ஜெனரல். அதற்கு முன் பாஸ்டன் நகர சபையில் இருந்தார். அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் படித்தவர். பெரியப்பா கதவைத் திறந்துவிட்டிருக்கலாம், உள்ளே போனபின் படியேறியது அவர்தான். டெட்டை நேராக மாடியில் இறக்கிவிட்டார்கள்.

வாரிசுக் கணக்கு இவர்கள் இருவரோடு முடியவும் இல்லை. குடியரசுக் கட்சி நிறுத்தியது ஜார்ஜ் கேபட் லாட்ஜை. சுயேச்சையாக நின்றவர் ஹார்வர்டு வரலாற்றுப் பேராசிரியர் ஸ்டூவர்ட் ஹியூஸ். அவர் முன்னாள் தலைமை நீதிபதி சார்ல்ஸ் எவன்ஸ் ஹியூஸின் பேரன். முக்கியமான நாலு பேரும் நாலு பெரிய வீட்டுப் பிள்ளைகள்.

கேம்பிரிட்ஜ்குளிர்:
இந்த ஊரில் ரொம்ப வருடமாக இருக்கிறேன். லாட்ஜ்–கென்னடி பகையைச் சொல்லாமல் 1962-ஐச் சொன்னால் பாதிக் கதைதான்.

1916-ல் மாசசூசெட்ஸ் மக்கள் முதல்முறையாக நேரடியாக ஓட்டுப் போட்டு செனட்டரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதுவரை சட்டமன்றம்தான் தேர்ந்தெடுக்கும். அந்தத் தேர்தலில் பழைய பிராமின் வகையறாவின் (பாஸ்டனின் பரம்பரைப் பணக்காரக் குடும்பங்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள், நம் ஊர் அர்த்தத்தில் எடுத்துக்கொள்ள வேண்டாம்) ஹென்றி கேபட் லாட்ஜ், பாஸ்டனின் முன்னாள் மேயர் ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டைத் தோற்கடித்தார். ஃபிட்ஸ்ஜெரால்டு ஐரிஷ்காரர், தேன் ஒழுகப் பேசுவார் என்பதால் 'ஹனி ஃபிட்ஸ்' என்று பெயர். அவருடைய மகள் ரோஸ்தான் கென்னடி சகோதரர்களின் தாய்.

1952-ல் ஃபிட்ஸ்ஜெரால்டின் பேரன் பழி தீர்த்தார். அந்த லாட்ஜின் பேரன், செனட்டராக இருந்த ஹென்றி கேபட் லாட்ஜ் ஜூனியர், ஐசன்ஹோவரை ஜனாதிபதியாக்க ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். இங்கே ஜான் கென்னடி வீடு வீடாகப் போய் சுமார் 70,000 வாக்கில் அவரைச் சாய்த்தார். 1960-ல் அதே லாட்ஜ் நிக்சனோடு துணை ஜனாதிபதி வேட்பாளராக நின்று மறுபடி தோற்றார். 1962-ல் அவருடைய மகன் ஜார்ஜ், ஜான் கென்னடியின் தம்பி டெட்டை எதிர்த்து நின்றார். கூத்து என்னவென்றால், 1916-ல்தான் ஹியூஸின் தாத்தாவும் ஜனாதிபதித் தேர்தலில் வுட்ரோ வில்சனிடம் மயிரிழையில் தோற்றார். ஒரே வருடத்துத் தேர்தலில் நின்ற மூன்று பேரின் வாரிசுகள், 46 வருடம் கழித்து ஒரே வாக்குச்சீட்டில்!

ஊர்க்குருவி:
இதைக் கதையாக எழுதினால் எடிட்டர் நம்பமாட்டார்.

எண்சுவடி:
பகைக் கதை சுவையாக இருக்கிறது. தலைப்பில் போட்ட பரீட்சை எங்கே?

சாவடிக்காரன்:
வருகிறேன்.

1951 வசந்தகாலம். டெட் ஹார்வர்டில் முதலாம் ஆண்டு. ஸ்பானிஷ் மொழிப் பரீட்சையில் தேறமாட்டோம் என்று பயந்து, நண்பன் ஒருவனைத் தனக்குப் பதிலாக எழுத வைத்தார். பிடிபட்டார்கள். இருவரையும் கல்லூரி வெளியேற்றியது. ஒழுங்காக இருந்துவிட்டுத் திரும்பி விண்ணப்பித்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்று ஒரு கதவையும் திறந்து வைத்தது. டெட் ராணுவத்தில் சேர்ந்தார். கொரியப் போர் உச்சத்தில் இருந்த காலம். அவருக்குக் கிடைத்ததோ பாரிஸ் பக்கம் நேட்டோ தலைமையகத்தில் காவல் பணி. 1953-ல் திரும்பி வந்து 1956-ல் பட்டம் வாங்கினார்.

இந்த விஷயம் பத்து வருடத்துக்கு மேல் வெளியே வரவில்லை. 1962-ல் பாஸ்டன் குளோப் நிருபர் ராபர்ட் ஹீலிக்குத் தெரியவந்தது. ஹார்வர்டு ஆவணங்களைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும், அதற்குக் குடும்பத்தின் சம்மதம் தேவை. பேச்சுவார்த்தை நடந்த இடம் எது தெரியுமா? வெள்ளை மாளிகை. ஜனாதிபதியே உட்கார்ந்து பேரம் பேசினார். தம்பியைப் பற்றிய பொதுவான அறிமுகக் கட்டுரையின் நடுவில் ஓரிரு வரியாகச் செருகிவிடலாமே என்பது அவர் யோசனை. ஹீலி மறுத்தார். பிக்ஸ் விரிகுடா விவகாரத்தைவிட (1961-ல் கியூபாவில் தோற்றுப்போன படையெடுப்பு) இதற்குத்தான் அதிகம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது என்று ஜனாதிபதி அலுத்துக்கொண்டதாக ஹீலி பின்னாளில் சொன்னார்.

மார்ச் 30-ல் செய்தி முதல் பக்கத்தில், ஆனால் கீழ்ப்பாதியில் வந்தது. ஹார்வர்டு பரீட்சைச் சம்பவத்தைப் பற்றி டெட் கென்னடி சொல்கிறார் என்பது போன்ற சாதுவான தலைப்பு. 'வெளியேற்றம்', 'மோசடி' எதுவும் தலைப்பில் கிடையாது. செய்தது தவறு என்று டெட் ஒப்புக்கொண்டதாக உள்ளே இருந்தது. உட்கட்சித் தேர்தலுக்கு இன்னும் ஐந்து மாதத்துக்கு மேல் இருந்தது. ஆகஸ்டில் எதிராளி எடுத்து வீச வைத்திருந்த கல்லை மார்ச்சிலேயே வாங்கித் தரையில் போட்டுவிட்டார்கள்.

தையல்நாயகி:
எனக்கு இதில் அந்த இன்னொரு பையனைப் பற்றித்தான் நினைப்பு வருகிறது. பரீட்சை எழுதிக் கொடுத்தவன். அவனுக்காக எந்த ஜனாதிபதி பேரம் பேசியிருப்பார்?

கேம்பிரிட்ஜ்குளிர்:
அக்கா, அவரும் பின்னால் ஹார்வர்டு திரும்பியதாகத்தான் படித்திருக்கிறேன். ஆனால் உங்கள் கேள்வி நியாயமானது.

பாஸ்டன் வாக்காளர்களுக்கு ஆள்மாறாட்டப் பரீட்சை புதிது அல்ல என்பதையும் சொல்லவேண்டும். ஜேம்ஸ் மைக்கேல் கர்லி என்று ஒரு தலைவர். நாலு தடவை மேயர், ஒரு தடவை கவர்னர். இளவயதில், தபால்துறை வேலைக்கான அரசுத் தேர்வைத் தன் வட்டாரத்து ஆள் ஒருவருக்காகத் தானே போய் எழுதி மாட்டிக்கொண்டு 1904-ல் ஜெயிலுக்குப் போனார். ஜெயிலில் இருந்தபடியே நகர சபைத் தேர்தலில் ஜெயித்தார்! "நண்பனுக்காகத்தானே செய்தார்" என்று ஆதரவாளர்கள் அதையே பெருமையாகச் சொல்லி ஓட்டுக் கேட்டார்கள். இந்தக் கர்லியை 1936 செனட் தேர்தலில் தோற்கடித்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே லாட்ஜ் ஜூனியர்.

ஊர்க்குருவி:
கர்லி எழுதிக் கொடுத்துவிட்டு ஜெயிலுக்குப் போனார். டெட் எழுத வைத்துவிட்டு செனட்டுக்குப் போனார். முன்னேற்றம்தான்.

எண்சுவடி:
சிரிப்பை நிறுத்திவிட்டு எண்ணைப் பார்ப்போம். செப்டம்பர் 18 உட்கட்சித் தேர்தலில் டெட் 69 சதவீதம், எடி 31. நவம்பர் 6 பொதுத்தேர்தலில் டெட் 55, லாட்ஜ் 42, ஹியூஸ் 2 சதவீதத்துக்குச் சற்று மேல். டெட்டுக்கும் லாட்ஜுக்கும் வித்தியாசம் சுமார் 2,85,000 ஓட்டு.

பரீட்சை மோசடி வெளியே வந்தபிறகு விழுந்த ஓட்டு இவ்வளவும். மூடி மறைத்து ஜெயித்தார் என்று யாரும் சொல்லமுடியாது. வாக்காளர் எல்லாம் தெரிந்துதான் போட்டார். அவருக்கு வேறு கணக்கு இருந்தது. டெட்டின் பிரசார வாசகமே "மாசசூசெட்ஸுக்கு இவரால் அதிகம் செய்ய முடியும்" என்பதுதான். ஒரு அண்ணன் ஜனாதிபதி, இன்னொரு அண்ணன் நாட்டின் அட்டர்னி ஜெனரல். ஃபோன் எடுத்தால் வேலை நடக்கும். கப்பல் கட்டும் தளத்தில் ஆர்டர் குறையுமோ, ஆலை மூடுமோ என்று பயந்துகொண்டிருந்த ஊரில் அந்த வாசகத்தின் பொருள் எல்லோருக்கும் புரியும்.

சாவடிக்காரன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன், வேறு பக்கத்திலிருந்து. அந்த வாசகம் திறமையைப் பற்றிய வாக்குறுதியா, உறவைப் பற்றிய வாக்குறுதியா? "எனக்கு ஓட்டுப் போடாவிட்டால் அண்ணனிடம் போக உங்களுக்கு ஆள் இல்லை" என்ற மிரட்டலும் அதற்குள் இருக்கிறது. ஜூன் மாதம் ஸ்ப்ரிங்ஃபீல்டில் நடந்த கட்சி மாநாட்டில் பிரதிநிதிகள் அதைச் சரியாகவே கேட்டுக்கொண்டார்கள். தபால் அலுவலகத் தலைமை முதல் நீதிபதி நியமனம் வரை வெள்ளை மாளிகையின் கையில் இருக்கும்போது, ஜனாதிபதியின் தம்பிக்கு எதிராக யார் கை தூக்குவார்?

நெறியாளர்:
இந்த இடத்தில் நம் மாநிலக் குடும்பங்களை இழுத்து எழுதிய மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதற்கு வேறு இழை இருக்கிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள். இங்கே மாசசூசெட்ஸ் மட்டும்.

ஊர்க்குருவி:
மூன்றில் இரண்டு என்னுடையது. பரவாயில்லை.

எடி மெக்கார்மாக்கின் அந்த விவாதத்தைச் சொல்லாமல் இருக்கிறீர்களே? அதுதான் இந்தத் தேர்தலின் உச்சக்கட்டக் காட்சி.

கேம்பிரிட்ஜ்குளிர்:
ஆகஸ்ட் 27, தெற்கு பாஸ்டன் உயர்நிலைப் பள்ளி. அது எடியின் சொந்தப் பேட்டை. அவருடைய அப்பா 'நாக்கோ' அங்கே மதுக்கடை நடத்தியவர், பேட்டையில் அவரைத் தெரியாதவர் கிடையாது. தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. முடிவுரையில் எடி, டெட்டின் பக்கம் விரலை நீட்டி ஒரு போடு போட்டார்: உங்கள் பெயர் வெறும் எட்வர்ட் மூராக இருந்திருந்தால், உங்கள் தகுதிக்கு இந்தப் போட்டி ஒரு கேலிக்கூத்தாக இருக்கும். ஆனால் யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் உங்கள் பெயர் எட்வர்ட் மூர் கென்னடி.

(எட்வர்ட் மூர் என்பவர் நிஜமாகவே இருந்தார். டெட்டின் அப்பா ஜோசப் கென்னடியிடம் உதவியாளராக இருந்தவர். அவர் பெயரைத்தான் கடைசிப் பிள்ளைக்கு வைத்தார்கள்.)

டெட் பதிலுக்குப் பாயவில்லை. முகம் இறுகிப்போய் நின்றார். அரங்கில் இருந்தவர்கள் எடி ஜெயித்துவிட்டதாக நினைத்தார்கள். வீட்டில் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, ஒரு சின்னப் பையனை ஒரு முரடன் மடக்கி அடிப்பது போல இருந்தது. அனுதாபம் முழுக்க டெட் பக்கம் சாய்ந்தது.

எடி "நீ ஒரு நாளாவது வேலை பார்த்திருக்கிறாயா" என்று கேட்டதை வைத்து டெட் தானே பின்னாளில் சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டு. ஒரு தொழிற்சாலை வாசலில் கை குலுக்கிக்கொண்டிருந்தபோது தொழிலாளி ஒருவர் வந்து, "நீ வாழ்க்கையில் ஒரு நாள்கூட வேலை செய்ததில்லை என்கிறார்களே, நிஜமா?" என்றாராம். டெட் திணற, அவர் தோளில் தட்டி, "விடு தம்பி, நீ ஒன்றையும் இழந்துவிடவில்லை" என்றாராம்.

எண்சுவடி:
பாருங்கள், வாக்காளர் முட்டாள் கிடையாது. வாரிசு என்று தெரியும், அனுபவம் இல்லை என்று தெரியும், பரீட்சையும் தெரியும். அவர்களுக்குப் பிடித்திருந்தது.

தையல்நாயகி:
நான் ஒன்று சொல்லட்டுமா? 1970களின் தொடக்கத்தில் கணவரோடு நியூ ஜெர்சிக்கு வந்தவள் நான். 1965 குடியேற்றச் சட்டம் வருவதற்கு முன் இந்தியாவுக்கு ஒதுக்கிய எண்ணிக்கை வருடத்துக்கு 100 பேர். முழு நாட்டுக்கும் நூறு! எந்த நாட்டில் பிறந்தாய் என்று பார்த்து ஒதுக்கும் அந்த முறையை ஒழித்த மசோதாவை செனட்டில் முன்நின்று நடத்திச் சென்றவர் இந்த டெட் கென்னடிதான். செனட்டுக்கு வந்து மூன்றே வருடம் ஆகியிருந்தது. அமெரிக்காவில் இன்று தமிழ்ச் சங்கம் வைத்துப் பொங்கல் கொண்டாடுகிற பாதிப் பேர் அந்தச் சட்டத்தின் வழியாக வந்தவர்கள், அல்லது அவர்கள் பிள்ளைகள். தகுதியில்லாதவர் என்று அவரை ஒரேயடியாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

சாவடிக்காரன்:
அக்கா, அவர் பின்னாளில் பெரிய சட்டமன்ற வேலைக்காரராக ஆனார் என்பதை நான் மறுக்கவே இல்லை. 47 வருடம் இருந்தார், இறந்தது 2009 ஆகஸ்ட் 25-ல். ஆனால் 1962-ல் எடி ஜெயித்திருந்தால் அந்தச் சட்டம் வராமல் போயிருக்குமா? 1965-ல் கீழவையில் அது நிறைவேறியபோது சபாநாயகர் நாற்காலியில் இருந்தவர் எடியின் பெரியப்பா. கையெழுத்துப் போட்டவர் ஜனாதிபதி ஜான்சன். அன்று செனட்டில் டெட் சொன்ன சமாதானமே, இந்தச் சட்டத்தால் நாட்டின் இனக்கலவை பெரிதாக மாறாது என்பதுதான். நீங்களும் உங்கள் தமிழ்ச் சங்கமும் அவர் எதிர்பார்த்த பட்டியலில் இல்லை.

தையல்நாயகி:
எதிர்பாராமல் திறந்த கதவாக இருந்தாலும் நான் நுழைந்தது அதன் வழியாகத்தானே தம்பி.

ஊர்க்குருவி:
அக்கா கோல் போட்டுவிட்டார்.

ஆனால் எண்சுவடி சார், "பிடித்திருந்தது, போட்டார்கள்" என்று சுலபமாக முடிக்காதீர்கள். 1962-ல் கற்றுக்கொண்ட பாடம் 1969-ல் திரும்ப வந்தது. சாப்பாக்விடிக் தீவில் டெட் ஓட்டிய கார் பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்தது. கூட இருந்த மேரி ஜோ கோபெக்னி என்ற 28 வயதுப் பெண் செத்துப்போனார். டெட் கரையேறி, போலீஸிடம் சொன்னது மறுநாள் காலையில். விபத்து இடத்தை விட்டுப் போனதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை, இரண்டு மாதம், அதுவும் நிறுத்திவைப்பு. அன்று மாலையே தொலைக்காட்சியில் தோன்றி, நான் பதவியில் இருக்கவேண்டுமா என்று மாசசூசெட்ஸ் மக்களிடமே கேட்டார். கடிதமும் தந்தியும் குவிந்தன. அடுத்த வருடத் தேர்தலில் 62 சதவீதம். சொந்த வாயால், தனக்கு வசதியான நேரத்தில், தனக்கு வசதியான அளவு சொல்வது. பரீட்சையில் அது பலித்தது, யாரும் சாகவில்லை. இங்கே ஒரு உயிர் போயிருக்கிறது. அதே உத்தி. மன்னிக்கிற பழக்கத்தை முதல் தடவை ஏற்படுத்திக்கொண்ட வாக்காளருக்கும் இதில் பங்கு இருக்கிறது.

எண்சுவடி:
62 என்பது 1964-ன் 74-லிருந்து இறங்கியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த விபத்துக்காக மாநிலம் மன்னித்தது, நாடு மன்னிக்கவில்லை. 1980-ல் அப்போதைய ஜனாதிபதி கார்ட்டரை எதிர்த்து ஜனாதிபதி வேட்பாளராக முயன்றபோது அதுதான் காலைச் சுற்றியது. அதனால் உங்கள் குற்றச்சாட்டில் பாதியை ஏற்கிறேன்.

கேம்பிரிட்ஜ்குளிர்:
சாவடிக்காரனின் முதல் பதிவுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் என் கணக்கில் அவர் தொட்ட இடம்தான் சரி. எல்லோரும் விவாதத்தையும் பரீட்சையையும் பேசுகிறோம். குடும்ப அரசியலின் சூட்சுமம் நியமன விதியில் இருக்கிறது. காலியான செனட் இடத்தை யார், எவ்வளவு காலத்துக்கு நிரப்புவது?

2004-ல் மாசசூசெட்ஸின் இன்னொரு செனட்டர் ஜான் கெர்ரி ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். ஜெயித்தால் அவர் இடம் காலியாகும், கவர்னர் மிட் ராம்னி குடியரசுக் கட்சிக்காரரை நியமித்துவிடுவார். அதனால் ஜனநாயகக் கட்சிச் சட்டமன்றம் கவர்னரின் நியமன அதிகாரத்தைப் பிடுங்கி, உடனடி இடைத்தேர்தல் என்று சட்டத்தை மாற்றியது. 2009-ல் டெட் சாகும் தறுவாயில் இருந்தார். இப்போது கவர்னர் அவருடைய கட்சிக்காரர் டெவால் பேட்ரிக். இடைக்கால நியமனத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று டெட்டே கடிதம் எழுதினார். அவர் இறந்த அடுத்த மாதம் சட்டம் மறுபடி மாறியது. நியமிக்கப்பட்டவர் பால் கர்க், கென்னடியின் பழைய உதவியாளர்! 1960-ல் அண்ணனின் அறைத்தோழர், 2009-ல் தம்பியின் உதவியாளர்.

கர்க் சில மாதம் மட்டுமே இருந்தார். 2010 ஜனவரியில் நடந்த தேர்தலுக்கான விவாதத்தில், "டெட் கென்னடியின் இடத்தில் உட்கார்ந்து" என்று நெறியாளர் ஒரு கேள்வியைத் தொடங்க, குடியரசுக் கட்சியின் ஸ்காட் பிரவுன், அது கென்னடிகளின் இடமுமில்லை, ஜனநாயகக் கட்சியின் இடமுமில்லை, மக்களின் இடம் என்றார். ஜெயித்தும்விட்டார். எடி மெக்கார்மாக் விரலை நீட்டிச் சொல்லி எடுபடாத அதே விஷயம், 48 வருடம் கழித்து, அமைதியாகச் சொன்னவருக்கு எடுபட்டது. எதிரே அந்தக் கென்னடி குடும்பத்தில் யாரும் நிற்கவில்லை என்பதும் காரணம்.

எண்சுவடி:
2020-ல் எதிரே கென்னடி நின்றபோதும் எடுபட்டதே. மார்க்கி 55, ஜோ கென்னடி 44. டெட்டின் அண்ணன் ராபர்ட்டின் பேரன் அவர். அந்தக் குடும்பத்தில் மாசசூசெட்ஸ் செனட் தேர்தலில் தோற்ற முதல் ஆள். மார்க்கியின் அப்பா பால் வண்டி ஓட்டியவர், அதை மேடைக்கு மேடை சொன்னார். உங்கள் நாடு உங்களுக்கு என்ன செய்யும் என்று கேட்க வேண்டிய காலம் இது என்று ஜான் கென்னடியின் புகழ்பெற்ற வரியைத் தலைகீழாக்கி விளம்பரமே விட்டார். ஜோவால் கடைசிவரை பதில் சொல்ல முடியாத கேள்வி, "இருக்கிறவர் என்ன தப்பு செய்தார், நீங்கள் ஏன் வருகிறீர்கள்?" என்பது.

சாவடிக்காரன்:
1962-ல் அந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லாமல் செய்தார்கள் பாருங்கள். இருக்கிறவர் ஸ்மித், அவர்தான் நிற்கவில்லையே.

தையல்நாயகி:
மற்றவர்கள் என்ன ஆனார்கள்? அந்தப் பேராசிரியர்?

கேம்பிரிட்ஜ்குளிர்:
ஹியூஸ் அணு ஆயுதக் குறைப்புக்காக நின்றவர், அக்கா. சுயேச்சையாக நிற்கத் தேவையான 72,000 சொச்சம் கையெழுத்தைப் போல இரண்டு மடங்கு வாங்கிக் கொடுத்தார்கள் அவருடைய தொண்டர்கள். அப்புறம் அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடி வந்தது. ஜனாதிபதி சோவியத்தோடு மல்லுக்கு நிற்கும்போது அவர் தம்பியை எதிர்த்து சமாதானம் பேசுகிறவருக்கு யார் ஓட்டுப் போடுவார்? கையெழுத்தில் மூன்றில் ஒரு பங்குதான் ஓட்டாக வந்தது, சுமார் 50,000.

லாட்ஜ் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பேராசிரியராகிவிட்டார், மறுபடி தேர்தல் பக்கம் வரவில்லை. எடி 1966-ல் கவர்னர் தேர்தலில் நின்று ஜான் வோல்பியிடம் தோற்று, வக்கீல் தொழிலுக்குத் திரும்பினார். டெட்டோடு பின்னால் சமாதானமாகிவிட்டார்.

ஊர்க்குருவி:
ஸ்மித்?

கேம்பிரிட்ஜ்குளிர்:
டெட் பதவியேற்றதும் க்ளாஸ்டருக்குத் திரும்பினார். படகுப் போட்டியில் நல்ல கைகாரர் என்று அந்தப் பக்கத்தில் பேர்.